சந்தா மட்டும் போதாது

ரோட்டரி, லயன்ஸ் என்று பேச்செடுத்தாலே நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். "அதெல்லாம் பெரிய மனுஷங்க ஒண்ணா கூடி டின்னர் சாப்பிடற இடம் சார். நமக்கு எதுக்கு அது?" அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவரும் இதையேதான் சொன்னார். நாக்பூரில் வீடு கிடைத்துவிட்டது, பையனுக்கு ஸ்கூல் சீட் கிடைத்துவிட்டது, புழுங்கல் அரிசி விற்கிற கடை தெரிந்துவிட்டது, தமிழ்ச் சங்கத்தில் பெயர் கொடுத்தாகிவிட்டது. "இனிமே மூணு வருஷத்தைத் தள்ளிட்டா போதும் சார், ஊர்ப் பக்கம் ரிக்வெஸ்ட் போட்டுடலாம்."

மாற்றல் உத்தியோகத்தில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பேசியிருக்கும் வசனம் இது. பாங்க், ரயில்வே, எல்.ஐ.சி., ராணுவம், எதுவானாலும் சரி. மூன்று மூன்றாகத் தள்ளினால் முப்பது வருடம் ஓடிவிடும். பத்து ஊரில் குடியிருந்திருப்போம். எந்த ஊரிலாவது நம்மை யாராவது தேடுவார்களா என்று கேட்டால் பதில் வராது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிற தமிழர், அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் ஒரு சேவைச் சங்கத்தில் சேர வேண்டும். ரோட்டரியோ, அரிமாவோ, ஜேசீஸோ, தெருமுனையில் இருக்கிற பெயர் தெரியாத இளைஞர் மண்டலோ, எது என்பது முக்கியமில்லை. சந்தா கட்டிவிட்டு வீட்டில் உட்காராமல் ஆளாகப் போய் உட்கார வேண்டும். ஊருக்கு அதனால் நன்மை உண்டுதான். நமக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கள் அப்பத்தாவில் போய் நிற்கிறது. சொந்த ஊர் விருதுநகர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எங்கள் பக்கத்தில் அரிமா சங்கமும் ரோட்டரி சங்கமும் மாற்றி மாற்றிக் கண் சிகிச்சை முகாம் நடத்தும். டாக்டர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மருத்துவமனை அது. அவர்களுடைய ஏற்பாடே இப்படித்தான்: பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. முகாமுக்கு இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டிக் கிராமம் கிராமமாகச் சொல்லிவருவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு, இதெல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முகாமில் பார்த்துவிட்டு மதுரைக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். அந்த பஸ்ஸில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரும் போனார். சங்க உறுப்பினர் அவர். அன்றைக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, முப்பது நாற்பது கிழவன் கிழவிகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, சிகிச்சை முடிந்ததும் மறுபடி போய் எண்ணி அழைத்து வந்தார். அப்பத்தா சாகிறவரைக்கும் அவரை "கண்ணு குடுத்த கடைக்காரர்" என்றுதான் சொல்லும். கத்தி பிடித்த டாக்டரின் பெயர் கடைசிவரை அதற்குத் தெரியாது. இது டாக்டருக்கு அநியாயம்தான். ஆனால் பயந்து நடுங்கி பஸ் ஏறின கிழவிக்குக் கூடவே ஒரு தெரிந்த முகம் வந்தது பெரிய விஷயம். அதைத்தான் அது கடைசிவரை மறக்கவில்லை.

பி.காம். முடித்து பாங்கில் சேர்ந்து, 2008இல் எனக்கு உத்தரப் பிரதேசம் முராதாபாத்துக்கு மாற்றல் வந்தது. பித்தளைச் சாமான்களுக்குப் பேர் போன ஊர். சந்துக்குச் சந்து உலை, பட்டறை, மெருகு போடும் சக்கரம். எனக்குத் தெரிந்த ஹிந்தி கவுன்ட்டரில் "சைன் கீஜியே" சொல்வதோடு முடிந்துவிடும். என் மனைவிக்கு அதுவும் கிடையாது. கல்யாணமாகி எட்டு மாதம்.

எங்கள் கிளை மேலாளர் அங்கே ஒரு ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர். அந்தக் காலத்து ரோட்டரியில் ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. டாக்டர், வக்கீல், வியாபாரி, ஆடிட்டர், கூடவே ஒரு பாங்க்காரர். மேலாளருக்கு வேலை நெருக்கிய வாரங்களில் தனக்குப் பதிலாக என்னை அனுப்புவார். ஆறு மாதத்தில் என்னையே உறுப்பினராக்கிவிட்டார்கள். இருந்தவர்களிலேயே வயதில் சின்னவன் நான். கூட்டத்தில் என்னை "சவுத் வாலே பாய்" என்று கூப்பிடுவார்கள், தெற்கத்தித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது வருகைப் பதிவேடுதான். வாராவாரம் கூட்டம். அரை வருடத்தில் குறிப்பிட்ட அளவு கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும். தொடர்ந்து நாலு வாரம் வராவிட்டால் உறுப்பினர் பதவி போய்விடும். வர முடியாதவர் உலகத்தில் வேறு எந்த ரோட்டரி சங்கத்தின் கூட்டத்துக்காவது போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் அதை வருகையாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேக்-அப் என்று பெயர். (முதல்முறை இந்த வார்த்தையைக் கேட்டபோது பவுடர் பூசுகிற சமாச்சாரம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.) லீவில் விருதுநகர் போனபோது அங்கே ஒரு கூட்டத்தில் மேக்-அப் போட்டேன். பஞ்சு மில்காரர்களும் எண்ணெய் வியாபாரிகளும் உட்கார்ந்திருந்த அந்த அறையில், "முராதாபாத்திலேருந்து வந்திருக்காரு" என்று என்னை அறிமுகம் செய்தார்கள். சொந்த ஊரில் எனக்கு வெளியூர்க்காரன் என்று அறிமுகம்! கொஞ்சம் விசித்திரமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிற்பாடுதான் ரோட்டரியின் பூர்வ கதையைப் படித்தேன். நமக்காகவே எழுதியதுபோல இருந்தது. ஆரம்பித்தவர் பால் ஹாரிஸ் என்ற வக்கீல். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை. தொழில் நிமித்தம் சிகாகோவுக்கு வந்தார். அவ்வளவு பெரிய நகரத்தில் சிநேகிதமாகப் பழக ஆள் இல்லாமல் தனிமையில் வாடினார். 1905 பிப்ரவரி 23 அன்று, ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க எஞ்சினியர், ஒரு தையல்காரர் என்று மூன்று பேரோடு ஒரு ஆபீஸ் அறையில் கூடிப் பேசினார். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் ஆபீசில் கூட்டம் நடந்ததால் சுழற்சியைக் குறிக்கும் ரோட்டரி என்ற பெயர் வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சின்ன ஊர்ச் சிநேகிதத்தைப் பெரிய நகரத்தில் தேடியதில் பிறந்த சங்கம் அது. அவர்களுடைய முதல் பொதுக் காரியம் என்ன தெரியுமா? 1907இல் சிகாகோ நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்டவைத்தது. முதலில் சிநேகிதம், அப்புறம் சேவை. இந்த வரிசை முக்கியம்.

இந்தியாவுக்கு ரோட்டரி வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது, 1920இல் கல்கத்தாவில் முதல் சங்கம் முறைப்படி ஏற்பட்டது. 1929இல் சென்னைக்கு வந்தது. 1917இல் சிகாகோவிலேயே ஆரம்பித்த அரிமா சங்கம் இங்கே வந்தது 1956இல். அரிமாக்கள் கண் சிகிச்சையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஹெலன் கெல்லர். 1925இல் அவர்களுடைய மாநாட்டில் பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் அப்பத்தாவின் கண்ணுக்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

சரி, முராதாபாத்துக்கு வருவோம். நான் போன சமயம் அந்த ஊர் போலியோவுக்குப் பேர் போனதாக இருந்தது. 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். மேற்கு உ.பி.யில் முராதாபாத்தும் சுற்றுவட்டாரமும் அந்த நோயின் கோட்டை மாதிரி. நெருக்கமான குடியிருப்பு, திறந்த சாக்கடை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தைக்கு நாலைந்து முறை சொட்டு மருந்து கொடுத்தாலும் பிடிக்காமல் போகும். அதனால் ஏறக்குறைய மாதம் ஒரு சுற்று.

ஞாயிற்றுக்கிழமை பூத். திங்கள் முதல் வீடு வீடாகப் போக வேண்டும். தோளில் ஐஸ் வைத்த பெட்டி. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெயிலில் வாடி வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். சொட்டு விட்ட குழந்தையின் இடது கைச் சுண்டு விரலில் மை. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஆங்கில எழுத்து பி. ஒரு குழந்தை விட்டுப்போனாலும் எக்ஸ். எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். இந்த வேலையின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் சுகாதாரத் துறை ஊழியர்கள், ஆஷா பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்தில் நிற்போம். முடிந்தபோது எக்ஸ் வீடுகளுக்குக் கூடப் போவோம்.

ஒரு எக்ஸ் வீடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பித்தளைக்கு மெருகு போடுகிறவரின் வீடு. மூன்று குழந்தைகள். கதவை மறித்து நின்றுகொண்டு அவர் கேட்டார்: "சாப், இந்தச் சாக்கடை அடைச்சுக்கிட்டு மூணு மாசம் ஆச்சு. கேக்க ஆளில்லை. காய்ச்சலுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்து வெளியே வாங்கிக்கங்கறான். நாங்க கேக்காத இந்த ரெண்டு சொட்டுக்கு மட்டும் மாசா மாசம் வீடு தேடி வர்றீங்களே, ஏன்?"

இந்த மருந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற வதந்தி அப்போது பலமாக இருந்தது. தெற்கே உட்கார்ந்துகொண்டு "படிக்காத ஜனங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? நான் பாங்கில் தினமும் கேட்கிற கேள்விதான் அது. கேட்காத ஒருவன் வீடு தேடி வந்து இலவசமாக ஒன்றைக் கொடுத்தால், அவன் யார், இதில் அவனுக்கு என்ன லாபம் என்று நாமும்தானே விசாரிப்போம்?

கூட வந்த எங்கள் சங்கத்து மூத்தவர், பித்தளை ஏற்றுமதி வியாபாரி, பதில் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்று போய்ப் பார்த்தார். நகராட்சியில் யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பேசினார். அடுத்த வாரம் எங்கள் சங்கத்து டாக்டர் அந்தச் சந்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்து காய்ச்சல், சொறி சிரங்கு எல்லாம் பார்த்தார். பள்ளிவாசலிலிருந்து மௌலானா மைக்கில் நல்ல வார்த்தை சொன்னார். அடுத்த சுற்றுக்குப் போனபோது அந்த மனிதர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க பாங்க்லே மூணாம் நம்பர் கவுன்ட்டர்தானே?" ஆமாம் என்றேன். உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "கொடுக்கட்டும். தெரிஞ்ச ஆளுதான். எங்கேயும் ஓடிட மாட்டாரு, நாளைக்கும் கவுன்ட்டர்ல இருப்பாரு."

எங்கேயும் ஓடிட மாட்டாரு! மூன்று வருடத்தில் ஓடுவதற்கென்றே வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு அந்த ஊரில் "நாளைத் தள்ள வேண்டும்" என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

இந்தியா முழுக்க 2010இல் போலியோ 42 பேருக்கு வந்தது. 2011இல் ஒரே ஒரு குழந்தைக்கு, ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தில் ஹௌரா மாவட்டத்தில். அதுதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. 2010இல் வந்த புது ரகச் சொட்டு மருந்து, அரசாங்கத்தின் பணம், லட்சக்கணக்கான ஊழியர்களின் கால்கள், இவற்றுக்குத்தான் பெருமையில் பெரும்பங்கு. 1985இலிருந்தே உலகம் முழுக்க இதற்காகப் பணம் திரட்டிவந்த ரோட்டரிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கில் ஒரு தூசி அளவு என்னுடையதும் இருக்கிறது. பதவி உயர்வு வந்தபோதுகூட இவ்வளவு நிறைவு இருந்ததில்லை.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட்டரிக்காரர்கள் வீட்டுப் பெண்களுக்கு இன்னர் வீல் என்று ஒரு சங்கம் உண்டு. 1924இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஆரம்பித்தது. "என்னங்க, எனக்கு ஒரு வார்த்தை ஹிந்தி வராது, நான் போயி என்ன பண்ண?" என்று அழாத குறையாகச் சொன்னவள், ஒரு தையல் பள்ளியில் கணக்கு எழுதப் போய், ஆறு மாதத்தில் காய்கறிக்காரனோடு ஹிந்தியில் சண்டை போட்டாள். எங்கள் மகள் பிறந்தபோது ஊரிலிருந்து மாமியார் வந்து சேர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிச்சடியும் நெய் போட்ட தலியாவும் அனுப்பியவர்கள் அந்த இன்னர் வீல் பெண்கள்தான்.

இவ்வளவு புகழ்கிறேனே, குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இரண்டு டஜன் நோட்டுப் புத்தகம் கொடுக்க மூன்று டஜன் பேர் மேடை ஏறுவது. தையல் மெஷின் வாங்குகிற பெண்மணி போட்டோவில் தெரியாத அளவுக்குக் கொடுக்கிறவர்கள் மறைத்துக்கொண்டு நிற்பது. பதவியேற்பு விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையே கட்டிவிடலாம். பொன்னாடை, கேடயம், "நமது அன்புக்கும் மரியாதைக்கும் உரிய" என்று அரை மணி நேர வரவேற்புரை. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்கு ரோட்டரிக்கு 1989 வரை மனசு வரவில்லை. அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் ஒரு தீர்ப்பில் குட்டின பிறகு. சில சங்கங்களில் நுழைவுக் கட்டணமே நம்மைப் போன்ற சம்பளக்காரனை மிரட்டிவிடும். இதெல்லாம் உண்மை. ஆனால் கல்யாண வீட்டில் பந்தி சரியில்லை என்பதற்காகக் கல்யாணமே தப்பு என்று யாரும் சொல்வதில்லையே.

எனக்கு இருக்கிற கவலை வேறு. இப்போது பணம் கொடுப்பது ரொம்பச் சுலபமாகிவிட்டது. க்யூ.ஆர். கோடைக் காட்டினால் ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கம்பெனிகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழித்தாக வேண்டும். பாங்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல காரியத்துக்குப் பணம் முன்னைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் கூட ஏறி எண்ணி இறக்குகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. ரோட்டரியே 2016இல் விதியைத் தளர்த்தி, வாராவாரம் கூட வேண்டியதில்லை, மாதம் இரண்டு முறை போதும் என்று அந்தந்தச் சங்கத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. காலத்துக்கு ஏற்ற மாற்றம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என்னை மனிதனாக்கியது எனக்கு எரிச்சல் மூட்டிய அந்த வருகைப் பதிவேடுதான். வேலை இருந்ததோ இல்லையோ, வாராவாரம் அதே முப்பது முகங்களைப் பார்த்தேன். யாருக்கு மகள் கல்யாணம், யாருக்கு சர்க்கரை, யார் பட்டறை நஷ்டத்தில் ஓடுகிறது என்று தெரிந்தது. அவசரம் என்று வந்தபோது யாரையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குட்வில் என்கிற நல்லெண்ணச் சொத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும்தான் ஐந்தொகையில் காட்டலாம். தொழில் நடத்தி நாமாகச் சேர்த்த குட்வில்லைக் கணக்கில் ஏற்றக்கூடாது. அது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், புத்தகத்தில் மட்டும் வராது. ஊரோடு நமக்கு உள்ள உறவும் அப்படித்தான். மூன்றாவது வருடம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்து சாமானை எல்லாம் லாரியில் ஏற்றும்போதுதான் அந்தச் சொத்து எவ்வளவு என்று தெரியவரும்.

"தமிழ்ச் சங்கம் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: தமிழ்ச் சங்கம் கட்டாயம் வேண்டும். நானும் உறுப்பினன். பொங்கல் விழா வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டும், வாரம் ஒரு தடவையாவது யோசிக்காமல் பேச நாலு பேர் வேண்டும். ஆனால் அங்கே போய் நாம் பேசுவது பெரும்பாலும் நாம் இருக்கிற ஊரைப் பற்றிய புகார். தண்ணீர் சரியில்லை, வெயில் தாங்கவில்லை, ஆட்டோக்காரன் ஏமாற்றுகிறான். அந்த ஊர்க்காரன் ஒருவன் கூட இருந்திருந்தால் அதே பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இரண்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2020 மார்ச் 25இலிருந்து நாடு முழுக்கப் பொதுமுடக்கம். அப்போது நாங்கள் நாக்பூர் வந்துவிட்டோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அதே சாலைதான் நாமக்கல், மதுரை, எங்கள் விருதுநகர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. முடக்கம் ஆரம்பித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இங்கே எங்கள் சங்கத்தில் இருக்கும் மருந்துக் கடைக்காரர், மராத்தியர், போன் செய்தார். நெடுஞ்சாலையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போன இடத்தில், மூடிக் கிடந்த தாபா வாசலில் இரண்டு லாரி டிரைவர்கள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. போனை அவர்களிடம் கொடுத்தார்.

"சார், தமிழா சார்?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நாமக்கல் பக்கத்து ஆட்கள். ஒருவருக்கு சர்க்கரை வியாதி, மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாளாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் மாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள் அன்று ராத்திரியே எலுமிச்சம்பழச் சாதமும் புளிச் சாதமும் கட்டின. பாங்க் அத்தியாவசியச் சேவை என்பதால் என்னிடம் பாஸ் இருந்தது, அவரிடமும் இருந்தது. சாலையில் தேடத் தேட நம்மூர் லாரிகள் இன்னும் அகப்பட்டன. இரண்டு சங்கமும் சேர்ந்து மூன்று வாரம் ஓட்டினோம். தமிழ்ச் சங்கம் மட்டும் இருந்திருந்தால் சமைத்திருப்போம், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்காது. உள்ளூர்ச் சங்கம் மட்டும் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள், என்ன வேண்டும் என்று புரிந்திருக்காது.

சேரலாம் என்று நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் நாலு யோசனை.

ஒன்று, உடனே பணம் கட்டாதீர்கள். விருந்தினராக நாலு கூட்டம் போய்ப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், வேலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே ஊரில் ஐந்தாறு சங்கம் இருக்கும். சின்னதாக, ஆடம்பரமில்லாமல் ஒன்று கட்டாயம் அகப்படும்.

இரண்டு, முதல் வருடம் பதவி எதுவும் வேண்டாம். வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண் முகாமில் பெயர் எழுதுகிற மேஜை, ரத்ததான முகாமில் ஜூஸ் கொடுக்கிற மேஜை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், மொழி எல்லாம் தானாக வந்துவிடும்.

மூன்று, பாங்க்காரர்களுக்கு மட்டும். நுழைந்த உடனே பொருளாளராக்கப் பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ஒவ்வொரு செக்கிலும் இரண்டு கையெழுத்து என்று கறாராக இருங்கள். சங்கத்தில் தோளில் கை போட்டவர் மறுநாள் கிளையில் கடன் விண்ணப்பத்தோடு வருவார். அவருடைய ஃபைலை வேறு அதிகாரி பார்க்கட்டும். அந்த ஒரு விஷயத்தில் நெளிந்தால் வேலையும் போகும், சிநேகிதமும் போகும்.

நான்கு, குடும்பத்தோடு போங்கள். பிள்ளைகளையும் முகாமுக்கு அழைத்துப் போங்கள். நம் பிள்ளைகளை "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் திணறுகிறார்கள். அப்பா அம்மாவின் ஊரைச் சொல்வதா, பிறந்த ஊரைச் சொல்வதா, இருக்கிற ஊரைச் சொல்வதா என்று. என் மகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மூன்றையும் சொல்லிவிடுகிறாள்.

நம்மில் நிறையப் பேர் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ரிடையர் ஆகி ஊருக்குத் திரும்பின பிறகு, சொந்த மண்ணில் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று. நல்ல எண்ணம். ஆனால் அறுபது வயதில், முப்பது வருடம் விட்டுப்போன ஊரில், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூடத் தெரியாது. இந்தப் பழக்கமெல்லாம் கால் நன்றாக நடக்கிற வயதில், இப்போது இருக்கிற ஊரில் வர வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் இருக்கிற பேட்டையில் எந்தச் சங்கம் எந்தக் கிழமை எங்கே கூடுகிறது என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் விசாரித்துப் பாருங்கள். தெரு மருந்துக் கடையில் கேட்டாலே அநேகமாகச் சொல்லிவிடுவார்கள்.